பெட்டி இல்லாத ஸ்பீக்கர்: குறைந்த செலவில் வீட்டிலேயே ஓப்பன் பாஃபிள் கட்டுவோம்

முதலில் ஒரு சதமும் செலவில்லாத வேலை. வீட்டில் எங்காவது கிடக்கும் பழைய ஸ்பீக்கர் ஒன்றை, 6 அங்குலமோ 8 அங்குலமோ, பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டு வயர் கொடுத்து அம்பிளிஃபயரில் மாட்டுங்கள். சட்டகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நாதஸ்வரமும் தவிலும் உள்ள பாட்டு ஒன்றைச் சின்னச் சத்தத்தில் போடுங்கள். நாதஸ்வரம் மெலிந்து வரும், தவிலின் இடத்தில் வலந்தலையில் விரல் படும் டிக் டிக் மட்டும் கேட்கும். இப்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை வெட்டி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரை அந்த ஓட்டைக்குப் பின்னால் மெல்ல மெல்லக் கொண்டுபோங்கள். ஒரு சாண் தூரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. நாலு விரல் தூரத்தில் குரல் கொஞ்சம் தடிக்கும். சட்டகத்தின் விளிம்பு அட்டையில் அழுந்தும் அந்த நொடியில் தவிலின் மறுமுகமான தொப்பியின் அடி அறைக்குள் இறங்கிவிடும். எடுத்தால் போய்விடும், வைத்தால் வரும்.

இதுதான் ஓப்பன் பாஃபிள். ஒரு பலகை, அதில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு ஸ்பீக்கர், பின்பக்கம் வெட்டவெளி. நான் முதல் சோடியின் பலகையை வெட்டிக்கொடுக்கச் சொல்லி திருகோணமலைப் பாலையூற்றில் ஒரு ஓடாவியாரிடம் (தச்சர்) போனபோது அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னுக்கு மூடேல்லையா தம்பி?" என்று கேட்டார். மூடத் தேவையில்லை என்பதுதான் இதன் விசேஷமே. பெட்டி கட்டுவதென்றால் கொள்ளளவு கணக்குப் பார்க்க வேண்டும், காற்றுப் புகாமல் மூலை பொருத்த வேண்டும், உள்ளே பஞ்சு வைக்க வேண்டும், பிழைத்தால் முழுப் பெட்டியும் வீண். இங்கே பிழைத்தால் ஒரு பலகைதான், அதையும் முதலில் அட்டையில் செய்து கேட்டுவிட்டால் பலகையும் பிழைக்காது. இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அந்த ஒன்றைத்தான்: வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

பலகை என்ன செய்கிறது

ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னுக்குப் போகும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், அதே நேரம் பின்பக்கக் காற்று இழுபடும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். விளிம்பைச் சுற்றி வந்து இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரு ஈர்க்கைக் காற்றில் வீசிப் பாருங்கள், முகத்தில் ஒன்றும் படாது, காற்று இரண்டு பக்கமும் வழுக்கிப் போய்விடும். அதே கையால் சுளகை வீசினால் முகத்தில் அடிக்கும். பலகை உங்கள் ஸ்பீக்கருக்குச் சுளகு. எவ்வளவு அகலமோ அவ்வளவு கீழ்ச்சுரம்.

எவ்வளவு அகலம் போதும் என்று கேட்டால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நம் ஊர் 30 பாகை வெக்கையில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 349 மீற்றர் ஓடும். 40 ஹேர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் அப்படிப் பார்த்தால் 8.7 மீற்றர், அதைச் சுற்றிவர விடாமல் தடுக்க வீட்டுச் சுவர் அளவுக்குப் பலகை வேண்டும், அது நடக்காது. 2 அடி அகலப் பலகையின் நடுவில் ஸ்பீக்கரை வைத்தால் பின்பக்கச் சத்தம் சுமார் 30 செ.மீ. கூடுதலாக ஓடித்தான் முன்னுக்கு வரும். அந்தக் கூடுதல் தூரம் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்காக இருக்கும் இடம் ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ், அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். 100 ஹேர்ட்ஸில் 6, 50 ஹேர்ட்ஸில் 12. இந்தக் குறைவை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாம் செய்யும் மற்ற எல்லா வேலையும், ஸ்பீக்கர் தெரிவுசெய்வது, பலகைக்குச் சிறகு வைப்பது, தரைக்குக் கிட்ட இறக்குவது, எல்லாமே இந்தக் குறைவை ஈடுகட்டத்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துளை போட்ட ஒரு அட்டை மட்டும்தான் இருக்கும், ஸ்பீக்கரின் முதுகு அறையைப் பார்த்தபடி. அம்மப்பா காலத்தில் இலங்கை வானொலியை ஊர் கேட்டது அப்படிப்பட்ட ரேடியோக்களில்தான். பிற்காலத்தில் இதைக் கணக்கோடு ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் (1935–2018). ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் அளவுக் கருவிகள் வடிவமைத்த ஜேர்மன்காரர், ஓரியன், எல்.எக்ஸ் 521 போன்ற ஓப்பன் பாஃபிள்கள் அவருடையவை. கீழ்ச்சுரத்தின் குறைவை அவர் மின்னணுச் சுற்றால் ஈடுசெய்தார். நாம் செலவைக் குறைக்க, முடிந்த அளவு பலகையாலும் ஸ்பீக்கர் தெரிவாலும் ஈடுசெய்வோம்.

நம் வீடுகளுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றும் சொல்ல வேண்டும். சீமெந்துத் தரை, கல்சுவர், மெத்தை வைத்த கதிரை ஒன்றோ இரண்டோ, ஜன்னல்கள் எப்போதும் திறந்தபடி. இப்படி அறையில் பெட்டி ஸ்பீக்கரைப் போட்டால் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் மூலைக்குள் ம்ம்ம் என்று நிற்கும், மற்றது கேட்காது. ஓப்பன் பாஃபிள் முன்னுக்கும் பின்னுக்கும்தான் சத்தத்தைத் தரும், பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றும் வராது, ஏனென்றால் அங்கே முன் அலையும் பின் அலையும் ஒரே தூரத்தில் வந்து அடித்துக்கொள்கின்றன. பாட்டு ஓடும்போது பலகையின் பக்கவாட்டு விளிம்புக்கு நேரே போய் நின்று பாருங்கள், சத்தம் விழுந்துவிடும். ஆகவே பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் குறைவு, அறை உறுமுவதும் குறைவு. குரல், வீணை, வயலின், புல்லாங்குழல் இவற்றில் கிடைக்கும் தெளிவு இந்த விலைக்கு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நெஞ்சில் குத்தும் பேஸ்தான் வேண்டும் என்பவருக்கு இது சரிவராது, அவர் பெட்டியே கட்டட்டும்.

எந்த ஸ்பீக்கர்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புது ஸ்பீக்கர் வாங்கத் தேவையில்லை. டவுனில் ரேடியோ திருத்தும் கடைகளில், உடைந்த ஹோம் தியேட்டர்களில், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்கள் ஒதுக்கி வைத்த சாமான்களில் தேடினால் கிடைக்கும். தேட வேண்டியது இது: 10 அல்லது 12 அங்குலக் காகிதக் கோன், விளிம்பில் துணியோ மடிப்பு மடிப்பான காகிதமோ, பின்னால் மிதமான காந்தம். பெரிய காந்தம் என்றால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஓப்பன் பாஃபிளுக்கு அது பெரும்பாலும் எதிர்மாறு. காந்தம் பலமாக இருந்தால் கோனை இறுக்கிப் பிடித்து பிரேக் போடும், கீழ்ச்சுரம் சீக்கிரமே குறையத் தொடங்கும், ஏற்கனவே பலகை குறைக்கிறது, இதுவும் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது.

இந்த பிரேக்கை விரலாலேயே அளக்கலாம், கடையில் நின்றபடியே. ஸ்பீக்கரைக் கோன் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். நடுத் தொப்பிக்குச் சற்று வெளியே, கோனில், ஒரு விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். 'தும்' என்று ஒரு சின்ன முரசுபோலச் சொல்லும். பிறகு ஒரு துண்டு வயரை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் நேரடியாக இணைத்துவிட்டு அதே இடத்தில் அதே அளவு தட்டுங்கள். 'தப்' என்று உடனே அடங்கினால் காந்த பிரேக் பலம், நமக்கு ஆகாது. வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே 'தும்' வந்தால் அதை வாங்கிவிடுங்கள். கோன் அசையும்போது உள்ளே இருக்கும் கொயில் (கம்பிச் சுருள்) ஒரு சின்ன டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கும், முனைகள் இணைந்திருந்தால் அந்த மின்சாரம் ஓடி கோனையே பிடித்து நிறுத்தும். காரணம் அவ்வளவுதான். நான் இன்றுவரை ஒரு துண்டு வயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பழைய சாமான் கடைக்குள் போகிறேன்.

இதையே எண்ணில் சொன்னால் கியூ.டி.எஸ் என்பார்கள். 0.7 முதல் 1 வரை இருந்தால் ஓப்பன் பாஃபிளுக்குச் சுகம், 0.4க்குக் கீழே என்றால் ஈக்குவலைசர் (சுரங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாமல் முடியாது. வீட்டில் அளக்க ஆசை உள்ளவர்களுக்கு: அம்பிளிஃபயரின் சிவப்பு முனையிலிருந்து 1000 ஓம் தடை ஒன்று, அதற்குப் பிறகு ஸ்பீக்கர், திரும்ப அம்பிளிஃபயருக்கு. முதலில் ஸ்பீக்கரின் இடத்தில் 10 ஓம் தடையைப் போட்டு, அதன் இரு முனையிலும் ஏ.சி. 10 மில்லிவோல்ட் காட்டும்வரை சத்தத்தைக் கூட்டிவிட்டு, பிறகு ஸ்பீக்கரை மாட்டினால் மீட்டர் காட்டும் மில்லிவோல்ட் எண்ணே ஏறக்குறைய ஓம் எண்ணாகிவிடும். கைபேசியில் டோன் செயலியை ஓடவிட்டு 20 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றுங்கள், ஒரு இடத்தில் எண் உச்சிக்குப் போய் இறங்கும், அதுதான் ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண். என்னுடைய 12 அங்குலத்தில் அது 52 ஹேர்ட்ஸ், உச்சி 36 ஓம், வெறும் கொயிலின் தடை 6 ஓம். 36ஐ 6ஆல் வகுத்தால் 6, அதன் வர்க்கமூலம் 2.45. 6ஐ 2.45ஆல் பெருக்கினால் 14.7. உச்சிக்கு இரண்டு பக்கமும் 14.7 ஓம் காட்டும் அதிர்வெண்களைக் குறிக்க வேண்டும், எனக்கு 40.5ம் 67ம் வந்தது, இடைவெளி 26.5. 52ஐ 2.45ஆல் பெருக்கி 26.5ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 6ஆல் வகுத்தால் 0.8. அதுதான் கியூ.டி.எஸ். மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏ.சி. பக்கம் 200 வோல்டிலிருந்துதான் தொடங்கும், அவற்றால் மில்லிவோல்ட் பார்க்க முடியாது, அப்படியென்றால் விரல் தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே போதுமானது.

மேலே குரலுக்கு 4 அல்லது 5 அங்குல முழுவீச்சு ஸ்பீக்கர் ஒரு சோடி வேண்டும். இதில் காந்தம் பலமாக இருந்தாலும் பரவாயில்லை, கீழ்ச்சுரம் இதன் வேலை இல்லை.

பழைய ஸ்பீக்கரில் ஃபோம் விளிம்பு இருந்தால் நகத்தால் தொட்டுப் பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் அது சில வருடத்தில் மாவாக உதிரும். காகிதக் கோனில் சின்னக் கிழிசல் என்றால் மெல்லிய டிஷ்யூத் தாளும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் வைத்து இரண்டு பக்கமும் ஒட்டினால் போதும், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. கோனை இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்தி உள்ளே விடும்போது சரக் என்று உரசினால் மட்டும் வாங்காதீர்கள்.

மணல் விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர் கூடக் கவனமாக இருக்க வேண்டும். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டு என்ற கனிமம் காந்தத்தால் இழுபடும், அதைப் பிரித்தெடுப்பதே காந்தம் வைத்துத்தான். வேறு கரைகளிலும் கறுப்புக் கோடு கோடாக அந்த மாதிரி மணல் தெரியும், அது செருப்பில் ஒட்டி விறாந்தைக்கும் வந்துவிடும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்து வேலை செய்தால் ஒரு மணல் மணி உள்ளே போய் கொயிலுக்கும் காந்தத்துக்கும் இடையில் உட்கார்ந்துவிடும், அப்புறம் ஆயுள் முழுக்கக் கரகரப்புத்தான். மேசையில், பழைய துணி விரித்து, வேலையைச் செய்யுங்கள். ஓட்டை வெட்டும் இடமும் ஸ்பீக்கர் வைத்திருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும்.

அட்டையில் ஒரு கிழமை

பலகைக்குப் போகும் முன் முழு அளவில், 2 அடிக்கு 4 அடி, இரட்டை அட்டையில் ஒரு சோடி செய்துவிடுங்கள். இரண்டு அட்டையைப் பசை போட்டு ஒட்டி, பின்னால் இரண்டு தடியைக் கட்டினால் கதிரையில் சாய்த்து நிறுத்தலாம். ஒரு கிழமையாவது அதில் பாட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கரை ஒரு கை மேலே, ஒரு கை கீழே, ஓரத்துக்குத் தள்ளி என்று மாற்றி மாற்றி ஓட்டை வெட்டிப் பாருங்கள், அட்டைதானே. நான் இரண்டாவது சோடிக்கு 5 ஓட்டை வெட்டினேன். சரியாக நட்ட நடுவில் வைத்தபோது குரல் ஒரு இடத்தில் மூக்கால் வருவதுபோல இருந்தது, ஏனென்றால் இரண்டு விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்து ஒரே அதிர்வெண்ணில் குழப்புகின்றன. ஒரு விளிம்பிலிருந்து 25 செ.மீ., மறு விளிம்பிலிருந்து 36 செ.மீ. என்று தள்ளி வைத்ததும் அந்த மூக்குச் சத்தம் போய்விட்டது. இதை நான் பலகையில் கண்டுபிடித்திருந்தால் ஒரு பலகை போயிருக்கும்.

பலகை

பிளைவூட் 18 மி.மீ., தரமான ஒட்டு. கடையில் முழுத் தாள் 8 அடிக்கு 4 அடி. பாதித் தாளில் இரண்டு பலகை வந்துவிடும், மரக்காலையில் கேட்டால் நேராக வெட்டியும் தருவார்கள். பழைய அலுமாரிக் கதவோ, கழற்றிப்போட்ட வாசல் கதவோ கிடைத்தால் அதைவிட நல்லது, வீட்டில் கிடந்ததென்றால் செலவே இல்லை. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை மட்டும் வேண்டாம். எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு றோட்டும் நாலு தென்னையும்தான். நான் முதலில் கட்டிய சோடி எம்.டி.எஃப், கடையில் "ஈரத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் தந்தார்கள். அந்த மாரியில், கார்த்திகை முடிவதற்குள், கீழ் விளிம்பு ரொட்டி மாதிரி ஊதி, ஸ்குரூ எல்லாம் பிடி விட்டு, 12 அங்குலம் ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியது. பிளைவூட்டையும் வெறுமனே விடாதீர்கள், வெட்டிய விளிம்புகளுக்கும் ஓட்டையின் உள் விளிம்புக்கும் வள்ளத்துக்கு அடிக்கும் வார்னிஷ் 3 தடவை.

12 அங்குலத்தின் மையம் தரையிலிருந்து 28 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தரை ஒரு கண்ணாடிபோல வேலை செய்து பலகையின் உயரத்தைக் கூட்டிக்கொடுக்கும், கீழ்ச்சுரத்துக்கு நல்ல உதவி. சின்ன ஸ்பீக்கரின் மையம் நீங்கள் இருக்கும் கதிரையில் உங்கள் காது எந்த உயரமோ அந்த உயரம், சாதாரண பிளாஸ்டிக் கதிரைக்கு 95 செ.மீ. பக்கம் வரும், அளந்து போடுங்கள். இடம் வலம் இரண்டு பலகையும் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிராக இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே பக்கம் தள்ளி வெட்டிவிடாதீர்கள்.

வட்டம் போட ஒரு ஆணியும் நூலும் பென்சிலும் போதும். ஆனால் அளவைப் பெயரை வைத்து எடுக்காதீர்கள், 12 அங்குலம் என்பது சட்டகத்தின் வெளிவிட்டம், ஓட்டை 28 செ.மீ. பக்கம்தான் வரும், உங்கள் ஸ்பீக்கரைக் கவிழ்த்து உட்பகுதியை அளந்து அதோடு 3 மி.மீ. கூட்டுங்கள். ஜிக்சோ இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் கோட்டின் உள்பக்கமாக றில்லால் நெருக்கி நெருக்கித் துளையிட்டு, உளியால் தட்டி எடுத்து, அரத்தால் தேய்க்கலாம், விளிம்பு கொஞ்சம் முரடாக இருந்தாலும் சட்டகம் மறைத்துவிடும். சின்ன ஸ்பீக்கரின் ஓட்டைக்குப் பின்பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அதை விடாதீர்கள்: 18 மி.மீ. தடிப்புப் பலகையில் 4 அங்குல ஓட்டை ஒரு சின்னக் குழாய் மாதிரி, ஸ்பீக்கரின் முதுகுச் சத்தம் அதற்குள் அடைபடும். பின் விளிம்பை அரத்தால் 45 பாகைக்குச் சரித்து விரித்துவிடுங்கள். முன்னும் பின்னும் அதே பாட்டைப் போட்டுக் கேளுங்கள், பெண் குரலில் வித்தியாசம் உடனே தெரியும்.

சட்டகத்துக்கும் பலகைக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வளையமாக வையுங்கள். பித்தளை ஸ்குரூ பாவியுங்கள், வள்ளச் சாமான் விற்கும் கடையில் இருக்கும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காது என்பது ஒன்று. அதைவிட முக்கியம், இரும்பு ஸ்குரூவைக் காந்தம் கையிலிருந்து பிடுங்கிக் கோனுக்குள் இழுக்கும், பித்தளையை இழுக்காது. ஸ்குரூ முடுக்கியோ இரும்புத்தான், ஆகவே அதைப் பிடிக்கும் கையின் மணிக்கட்டை எப்போதும் பலகையில் ஊன்றிக்கொள்ளுங்கள். எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஒரே பக்கம் முழுதாக முறுக்கினால் சட்டகம் வளையும்.

நிற்பதற்குக் கீழே பின்னோக்கி இரண்டு முக்கோணக் கால். பலகை 4, 5 பாகை பின்னால் சாய்ந்தால் நல்லது. பிள்ளைகள் ஓடும் வீடு என்றால் காலை இன்னும் நீளமாக வையுங்கள், 12 அங்குலத்தின் காந்தம் பாரம்.

கீழ்ச்சுரம் இன்னும் வேண்டும் என்றால் பலகையின் கீழ்ப் பாதிக்கு இரண்டு பக்கமும் 25 செ.மீ. அகலச் சிறகு பொருத்தலாம். பின் அலை சுற்றும் தூரம் 55 செ.மீ. ஆகிறது, குறைவு தொடங்கும் இடம் 200லிருந்து 106 ஹேர்ட்ஸ் பக்கம் இறங்கும். ஆனால் சிறகை நேர் கோணத்தில் பின்னால் மடிக்காதீர்கள், பின்பக்கம் ஒரு குகைபோல ஆகி, பானைக்குள் பேசுவதுபோல ஒரு சத்தம் சேரும். கதவுப் பிணைச்சல் போட்டு 40, 50 பாகை மட்டும் மடித்து, கேட்டு, பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்.

வயர், கப்பாசிட்டர், கொயில்

முனை பார்ப்பதில் தொடங்குங்கள். 1.5 வோல்ட் பற்றரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். கோன் முன்னுக்கு வந்தால் பற்றரியின் கூட்டல் எந்த முனையில் பட்டதோ அதுதான் கூட்டல், சிவப்பு மையால் ஒரு பொட்டு வையுங்கள். 4 ஸ்பீக்கருக்கும் இதைச் செய்யுங்கள், பழைய சாமானில் அச்சடித்த குறியை நம்ப முடியாது. ஒரு பக்கத்து 12 அங்குலம் மட்டும் மாறி மாட்டுப்பட்டால் பேஸ் காணாமல் போகும், ஆள் பலகையைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருப்பார்.

கீழ்ச்சுரம் 12 அங்குலத்துக்கும் மேற்சுரம் சின்ன ஸ்பீக்கருக்கும் போகும்படி பிரிக்கும் இடத்தை 400 ஹேர்ட்ஸ் பக்கம் வைக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சின்னதற்குத் தொடரில் 50 மைக்ரோ ஃபராட் கப்பாசிட்டர், 12 அங்குலத்துக்குத் தொடரில் 3.2 மில்லி ஹென்றி கொயில். முனைவில்லாத 50 மைக்ரோ ஃபராட் கிடைக்காவிட்டால் சாதாரண 100 மைக்ரோ ஃபராட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டை எடுத்து, கழித்தல் முனைகள் இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்து, இரண்டு கூட்டல் முனைகளையும் வெளி வயராகப் பாவியுங்கள், 50 ஆகிவிடும். சின்ன ஸ்பீக்கர் அநேகமாகக் கூடச் சத்தமாக இருக்கும், 12 அங்குலத்தின் சத்தத்தைப் பலகை தின்கிறதல்லவா, ஆகவே அதன் தொடரில் 2 ஓம், 10 வாட் தடை ஒன்றைப் போட்டுக் கேளுங்கள், போதாவிட்டால் 3.3, பிறகு 4.7. எந்த எண் சரி என்று சொல்வது உங்கள் காதுதான். உச்சச் சுரம் மங்கலாக இருந்தால் ஒரு டுவீட்டரை 4.7 மைக்ரோ ஃபராட் வழியாகச் சேர்க்கலாம், நான் சேர்க்கவில்லை.

கொயிலுக்குச் செம்புக் கம்பி நிறைய வேண்டும், விலை ஏறும். அந்தக் காசுக்கு இன்னொரு சின்ன அம்பிளிஃபயர் போர்ட் வாங்கி, கணினியிலேயே சத்தத்தைப் பிரித்து, 12 அங்குலங்களுக்கு ஒன்று, சின்னவற்றுக்கு ஒன்று என்று ஓட்டலாம், இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் அதற்குக் கணினியில் 4 வெளியீடு உள்ள சவுண்ட் கார்ட் வேண்டும். டி.பி.ஏ 3116 சிப் உள்ள போர்ட் பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரில் ஓடும், 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும், கறண்ட் இல்லாத இரவிலும் பாட்டு நிற்காது.

ஈக்குவலைசர் பாவித்தால் நிதானமாக. கணினியில் ஈக்குவலைசர் ஏ.பி.ஓ என்ற மென்பொருள் இலவசம். 60 முதல் 120 ஹேர்ட்ஸ் வரை 4 டெசிபல் ஏற்றினால் நல்ல மாற்றம் தெரியும். 6 டெசிபல் ஏற்றினால் அம்பிளிஃபயர் 4 மடங்கு வலு கொடுக்க வேண்டும், கோன் இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்கும், இங்கே அந்தத் தாங்கல் இல்லை, ஆகவே 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். கோன் 'டக்' என்று இடிக்கும் சத்தம் கேட்டால் உடனே குறையுங்கள்.

எங்கே வைப்பது

பின்சுவரிலிருந்து 1 மீற்றர். சுவரோடு ஒட்டி வைத்தால் இவ்வளவு வேலையும் வீண். 1 மீற்றர் தள்ளினால் பின் அலை போய்த் திரும்ப 2 மீற்றர் கூடுதல், ஏறக்குறைய 6 மில்லி நொடி பிந்தி வரும், அந்தப் பிந்தல்தான் பாடகர் பலகைக்குப் பின்னால் சற்று உள்ளே தள்ளி இருப்பதுபோன்ற ஆழத்தைத் தருகிறது. சின்ன அறைக்காரர்கள் கேட்கும்போது மட்டும் முன்னால் இழுத்து வைத்துவிட்டு, பிறகு சுவரோடு தள்ளிவிடலாம், காலின் அடியில் பழைய கம்பளித் துண்டு ஒட்டினால் சீமெந்தில் வழுக்கும். பின்னால் ஜன்னல் இருந்தால் திறந்து விடுங்கள், பின் அலையில் ஒரு பங்கு அதன் வழியே போய்விடும். பக்கச் சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம், பலகையின் விளிம்பு அங்கே பார்த்தபடி இருந்தால் போதும். பிறகு கதிரையில் உட்கார்ந்து, வேறு ஒருவரைக் கொண்டு பலகைகளை விரல் அகலம் விரல் அகலமாக உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பாடகரின் குரல் இரண்டு பலகைக்கும் நடுவில், பலகை இல்லாத வெறும் இடத்திலிருந்து வரத் தொடங்கும்போது நிறுத்தச் சொல்லி, தரையில் சோக்கால் கோடு போட்டுவிடுங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால், திறந்த முதுகு என்பதால் பூச்சி, புழுதி, உப்பு மூன்றும் வரும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் புழுதி கோனின் பின்பக்கம் படியும், குளவி மண்கூடு கட்டப் பார்க்கும், பல்லியும் விடாது. பழைய பருத்திச் சேலையை ஒற்றையாக விரித்து, பின்பக்கம் ஒரு சட்டம் அடித்துப் போர்த்துங்கள். துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டும், போகாவிட்டால் அது சத்தத்தையும் தடுக்கும். ஸ்பீக்கர் முனைகளில் கிளிப் மாட்டாமல் நேரடியாகப் பற்றவைத்து, மேலே கொஞ்சம் வாசலைன் பூசுங்கள், பச்சை படியாது. மாரி தொடங்குவதற்கு முன், ஐப்பசியில், துணியைக் கழற்றித் துவைத்து, ஸ்குரூக்களை ஒரு சுற்று இறுக்கி, வார்னிஷ் வெடித்த இடம் இருந்தால் தொட்டுவிட்டு, 12 அங்குலத்தைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டுங்கள். கனத்தால் கோன் ஒரு பக்கம் தாழாமல் இருக்கும்.